நாக்கு அரிக்கிறது, பால் திரிகிறது, கஷாயம் கறுக்கிறது: மருந்துச் சமையலில் எங்கே தவறுகிறது?

சாதாரணக் குழம்பில் ஒரு படியை விட்டுவிட்டால் ருசி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பிரண்டைத் துவையல், முடக்கத்தான் தோசை, வேப்பம்பூ ரசம், சுக்குக் கஷாயம் மாதிரி மருந்தாகவும் உணவாகவும் செய்கிற பண்டங்களில் ஒரு படியை விட்டால் நாக்கு தடிக்கும், தொண்டை கரகரக்கும், வீட்டில் யாரும் இரண்டாம் முறை அதைத் தொடமாட்டார்கள். பிரண்டையை நல்லெண்ணெயில் வதக்கச் சொன்னதும், சுக்கின் தோலைச் சீவச் சொன்னதும், வேப்பம்பூவைக் கடைசியில் போடச் சொன்னதும் காரணத்தோடுதான். இப்படிச் சரக்கின் கெடுதியை முதலில் நீக்குவதைச் சித்த மருத்துவத்தில் ‘சுத்தி’ என்பார்கள். என்ன கோளாறு என்று தெரிந்தால், எந்தப் படி விட்டுப்போனது என்று பின்னோக்கிப் போய்க் கண்டுபிடித்துவிடலாம். கீழே எல்லாம் கோளாறை வைத்தே பிரிக்கப்பட்டிருக்கிறது.

நாக்கும் தொண்டையும் அரிக்கிறது

பிரண்டை, சேனை, பிடிகருணை, சேப்பங்கிழங்கு ஆகிய நான்கும்தான் பெரும்பாலும் இந்த வேலையைச் செய்யும். இவற்றின் திசுவுக்குள் கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு, கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாகக் கட்டுக்கட்டாக இருக்கிறது. கடிக்கும்போது அந்த ஊசிகள் நாக்கிலும் அண்ணத்திலும் குத்துகின்றன. நறுக்கும்போது கை அரிப்பதும் இதனால்தான். வெறும் சூட்டில் இந்தப் படிகங்கள் கரைந்துபோகாது. அதனால்தான் ‘குக்கரில் நாலு விசில் விட்டேனே, அப்படியும் அரிக்கிறதே’ என்ற குழப்பம் வருகிறது. நெடுநேர வேக்காடு, புளி, எண்ணெய் மூன்றும் சேர்ந்தால்தான் அரிப்பு அடங்கும்.

முதலில் பிரண்டை. கொடியின் நுனியிலிருந்து மூன்று நான்கு கணு வரைதான் துவையலுக்கு ஆகும். விரலால் ஒடித்தால் ‘படக்’கென்று ஒடிய வேண்டும். வளைந்து நார் தொங்கினால் அது முற்றல், அதை எவ்வளவு வதக்கினாலும் அரிப்பு முழுதாகப் போகாது. இரண்டு கையிலும் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். கணுக்களை வெட்டி எறிந்துவிட்டு, நடுத்துண்டின் நான்கு விளிம்பிலும் ஓடும் நாரை மேலிருந்து கீழாக உரியுங்கள். பிறகு அரை அங்குலத் துண்டுகளாக நறுக்கிக் கழுவி வடியுங்கள்.

ஒரு கப் நறுக்கிய பிரண்டைக்கு மூன்று டீஸ்பூன் நல்லெண்ணெய். சிறுதீயில் எட்டிலிருந்து பத்து நிமிடம் வதக்க வேண்டும். நேரத்தைவிட நிறத்தைப் பாருங்கள். பளிச்சென்ற பச்சை முதலில் மங்கும். பிறகு துண்டின் ஓரங்கள் உள்வாங்கி, நான்கு பட்டையாக இருந்தது தட்டையாகச் சுருங்கும். பாசிப் பச்சை போய்ப் பழுப்பு ஏறி, கொள்ளளவு பாதியாகக் குறைந்திருந்தால் சரி. பச்சை இன்னும் தெரிந்தால் அடுப்பை அணைக்காதீர்கள். இதோடு நெல்லிக்காய் அளவு புளியையும் அதே எண்ணெயில் வதக்கி, வறுத்த உளுத்தம்பருப்பு இரண்டு டேபிள்ஸ்பூன், காய்ந்த மிளகாய் நான்கு, பெருங்காயம், உப்பு சேர்த்து அரையுங்கள். தேங்காய் போடலாம், ஆனால் அதை நம்பிப் புளியைக் குறைக்க வேண்டாம்.

அரைத்த பிறகுதான் அரிப்பு தெரிந்ததா? துவையலைக் கொட்ட வேண்டியதில்லை. வாணலியில் இரண்டு டீஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, துவையலைப் போட்டு, இரண்டு டேபிள்ஸ்பூன் கெட்டிப் புளிக்கரைசல் ஊற்றி, எண்ணெய் பிரியும் வரை சுருளக் கிளறுங்கள். ஐந்தாறு நிமிடம் ஆகும். ஆறியதும் கடலை அளவு நாக்கில் வைத்து இரண்டு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். அரிப்பு உடனே தெரியாது, சற்றுத் தாமதித்துத்தான் வரும். ஏற்கெனவே நாக்கு அரித்துக்கொண்டிருந்தால் தயிரோ மோரோ வாயில் சற்று நேரம் வைத்திருந்து விழுங்கினால் தணியும். உதடு வீங்கினாலோ மூச்சுவிடச் சிரமம் என்றாலோ வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கு ஆக்சலேட் மிகுந்த பண்டங்கள் ஆகாது. அவர்களுக்குப் பிரண்டையைத் தவிர்த்துவிடுங்கள்.

கிழங்குகளில் விஷயம் சற்று வேறு. பிடிகருணை புதிதாகத் தோண்டியதாக இருந்தால் அதிகம் அரிக்கும். அதனால் வாங்கி வந்து காற்றோட்டமான இடத்தில் சில வாரம் போட்டு வைத்துச் சமைப்பது நெடுநாள் வழக்கம். அரிசி கழுவிய கழுநீரில் சிறிது புளி சேர்த்துத் தோலோடு குழைய வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுத் தோலை உரியுங்கள். நடுவில் கத்தியைச் செருகினால் தடையில்லாமல் இறங்க வேண்டும். கிழங்கின் நடுப்பகுதி அரைவேக்காடாக நின்றுவிடுவதுதான் இங்கே வழக்கமான தவறு. சேனையைக் கழுவாமல், ஈரமில்லாத கையால் தோல் நீக்கி நறுக்கி, பிறகு கழுவி, மஞ்சள்தூளும் புளியும் சேர்த்த நீரில் வேகவைத்து வடித்துவிட்டு வறுவலுக்குப் போங்கள். சில ஊர்களில் சேனையையே கருணைக்கிழங்கு என்பார்கள். சமையல் குறிப்பைப் பின்பற்றும்போது எந்தக் கிழங்கைச் சொல்கிறார்கள் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

கசப்பு தாங்கவில்லை

முதலில் இது எந்தக் கசப்பு என்று பிரித்துப் பாருங்கள். சரக்கின் இயல்பான கசப்பு நாக்கின் அடியில் மெல்ல வந்து மெல்லப் போகும். கருகிய கசப்பு வாயில் போட்டவுடன் அடிக்கும், புகை வாசனையோடு தொண்டையில் நிற்கும். முதலாவதைச் சரிசெய்யலாம். இரண்டாவதை வெல்லம் போட்டாலும் நெய் ஊற்றினாலும் மறைக்க முடியாது. வெந்தயமோ சுண்டைக்காய் வற்றலோ கருகிவிட்டால், தாளிப்பு கொதியில் சேர்வதற்கு முன்பே அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தாளித்துவிடுங்கள்.

முடக்கத்தான் தோசை கசந்தால் மூன்று இடங்களைப் பாருங்கள். இலை முற்றியதா? காய் பிடித்த கொடியின் இலை கசக்கும். அளவு மீறியதா? இரண்டு கப் தோசை மாவுக்கு ஒரு கைப்பிடி இலை போதும். அரைத்துக் கலந்து வைத்துவிட்டீர்களா? பெரும்பாலும் இதுதான் காரணம். பச்சை இலை அரைபட்ட பிறகு நேரம் ஆக ஆகக் கசப்பு கூடும். மாவைத் தனியாகப் புளிக்கவிட்டு, தோசை வார்க்கும்போது மட்டும் இலையை அரை டீஸ்பூன் சீரகத்தோடு அரைத்து, அந்த வேளைக்கு வேண்டிய மாவில் மட்டும் கலக்குங்கள். கலந்த மாவைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாள் வார்க்காதீர்கள்.

வேப்பம்பூ ரசம் கசந்தால், பூ ரசத்தோடு சேர்ந்து கொதித்திருக்கும். நான்கு பேருக்கான ரசத்துக்கு இரண்டு டீஸ்பூன் காய்ந்த பூ, ஒரு டீஸ்பூன் நெய். பூ செம்பழுப்பாகி நொறுங்கும் பதத்துக்கு வரும்வரை வறுத்து, அடுப்பை அணைத்த ரசத்தில் பரிமாறும் நேரத்தில் போட வேண்டும். அரை மணி நேரம் ஊறினாலே கசப்பு சாற்றில் இறங்கிவிடும். ஆகவே மீதம் வைக்கிற ரசத்தில் பூவைப் போடாமல் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

வேப்பம்பூ இல்லாத சாதாரண மிளகு ரசமே கசக்கிறது என்றால் மஞ்சளோ பெருங்காயமோ கூடியிருக்கும், சீரகம் கருகியிருக்கும், அல்லது ரசம் தளதளவென்று கொதித்திருக்கும். முக்கால் லிட்டர் ரசத்துக்குக் கால் டீஸ்பூன் மஞ்சள்தூள்தான் உச்சம். மிளகு, சீரகம் ஒவ்வொரு டீஸ்பூனும், நான்கு பல் பூண்டும் ஒன்றிரண்டாகத் தட்டிப் போடுங்கள். மாவாக அரைத்தால் சாறு கலங்கிக் காரம் தொண்டையைப் பிடிக்கும். புளிநீர் பச்சை வாசனை போகக் கொதித்த பிறகு தட்டியதைப் போட்டு, பாத்திரத்தின் ஓரமெல்லாம் நுரை கட்டி மேலெழும்பும் அந்த நொடியில் இறக்கிவிட வேண்டும்.

இஞ்சிப் பாலும் சுக்குப் பாலும் திரிந்துவிடுகின்றன

பால் பழசு என்று நினைத்து அடுத்த பாக்கெட்டைப் பிரிப்பவர்கள் உண்டு. பாலில் குறை இருக்காது. பச்சை இஞ்சியில் புரதத்தைச் சிதைக்கும் ஒரு நொதி இருக்கிறது. ஏறக்குறைய 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது மும்முரமாக வேலை செய்து பாலைத் திரிக்கும். கொதிநிலைக்குப் போனால் அதுவே செயலிழந்துவிடும். அதனால் தட்டிய இஞ்சியை அரை டம்ளர் தண்ணீரில் ஐந்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, வடிகட்டி, தனியாகக் காய்ச்சிய பாலில் சேர்த்தால் திரியாது. இளஞ்சூட்டுப் பாலில் பச்சை இஞ்சிச் சாறைப் பிழிந்தால் நிச்சயம் கெட்டுப்போகும்.

வெல்லம் போட்டதும் திரிந்தால் அது வேறு காரணம். வெல்லத்தில் சிறிது புளிப்புத்தன்மை இருக்கும், கொதிக்கும் பாலில் அது போதும். வெல்லத்தையோ கருப்பட்டியையோ முதலில் தண்ணீரில் கரைத்து, கொதிக்கவைத்து, மண் போக வடிகட்டுங்கள். பாலை இறக்கி இரண்டு மூன்று நிமிடம் சூடு தணிந்த பிறகு பாகைக் கலக்குங்கள். கலந்ததை மறுபடி அடுப்பில் ஏற்றாதீர்கள்.

இஞ்சிச் சாறு எடுத்து வைத்தால் அடியில் வெள்ளையாக ஒன்று படியும். பெரும்பாலும் அது மாவுச்சத்துதான். சாறைப் பத்து நிமிடம் அசையாமல் வைத்து, தெளிவை மட்டும் இறுத்துக்கொண்டு படிவை விட்டுவிடுவது வழக்கம். படிவோடு குடித்தால் சிலருக்கு வயிறு உப்புசமாக இருக்கும். சுக்குக்கும் இதே மாதிரி ஒரு விதி: ‘சுக்குக்குப் புறணி நஞ்சு, கடுக்காய்க்கு அகணி நஞ்சு’. சுக்கை மேல்தோல் சீவித்தான் இடிக்க வேண்டும். கடுக்காயில் உள்ளே இருக்கும் கொட்டையை எறிந்துவிட்டு, சதையை மட்டும் எடுக்க வேண்டும்.

கஷாயம் மணமே இல்லை, அல்லது குழம்பாகிவிட்டது

எல்லாச் சரக்கையும் ஒன்றாகப் போட்டு ஒரே நேரத்தில் கொதிக்கவிடுவதால் வருவது. வேர், பட்டை, உலர்ந்த காய் போன்ற கெட்டிச் சரக்குகளின் சத்து இறங்க நேரம் வேண்டும். துளசி, கற்பூரவள்ளி, ஓமம் ஆகியவற்றில் வேலை செய்வது ஆவியாகிப் பறக்கும் எண்ணெய். அவற்றை இருபது நிமிடம் மூடாமல் கொதிக்கவிட்டால் வீடெல்லாம் மணக்கும், டம்ளரில் ஒன்றும் மிஞ்சாது.

சளிக்கு இரண்டு பெரியவர்களுக்கான ஒரு கஷாயத்தை வைத்துப் பார்ப்போம். தோல் சீவிய சுக்கு சுண்டுவிரல் நுனியளவு, மிளகு எட்டு, திப்பிலி இரண்டு. மூன்றையும் உரலில் ஒன்றிரண்டாக இடித்து, 400 மி.லி. தண்ணீரில் போட்டு, மூடாமல் சிறுதீயில் 200 மி.லி.யாகச் சுண்டவிடுங்கள். பதினைந்திலிருந்து இருபது நிமிடம் ஆகும். எவ்வளவு சுண்டியது என்று மதிப்பிட ஓர் எளிய வழி: தண்ணீர் ஊற்றியவுடன் சுத்தமான மரக்கரண்டிக் காம்பை நேராக நிறுத்தி, நனைந்த உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாதி உயரத்துக்கு வந்ததும் அடுப்பை அணைத்து, துளசி பத்து இலை, கிள்ளிய கற்பூரவள்ளி இரண்டு இலை போட்டு, தட்டால் மூடி ஐந்து நிமிடம் விடுங்கள். தட்டைத் திறக்கும்போது அதன் அடியில் திரண்டிருக்கும் நீரையும் உள்ளேயே வழித்து விடுங்கள், மணம் அதிலும் இருக்கிறது. வடிகட்டி, குடிக்கும் சூட்டுக்கு வந்த பிறகு ஒரு டீஸ்பூன் தேன். கொதிக்கும்போது தேன் விட்டால் அதன் மணமும் நொதிகளும் போய்விடும், வெறும் இனிப்புதான் மிஞ்சும்.

குழம்பு மாதிரி கெட்டியாகி, பொங்கி வழிந்து, அடியில் சேறு தங்கினால் சரக்கை மிக்ஸியில் மாவாக அரைத்திருக்கிறீர்கள். கஷாயத்துக்குச் சரக்கு ரவையைவிடப் பெரிய துகளாக இருக்க வேண்டும். ஏற்கெனவே மாவாக இருந்தால் மெல்லிய பருத்தித் துணியில் தளர முடிந்து தண்ணீரில் போடுங்கள்.

கஷாயம் மசி மாதிரி கறுத்துவிட்டது

இரும்புச் சட்டி அல்லது இரும்புக் கரண்டி. கடுக்காய், நெல்லிக்காய், மாதுளை ஓடு ஆகியவற்றில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் கருநீலமாகும். அந்தக் காலத்து எழுதும் மசியே இந்த அடிப்படையில்தான் தயாரானது. விஷம் ஏறிவிட்டது என்று பயப்பட வேண்டாம், ஆனால் இரும்பு வாடையும் துவர்ப்பும் கூடி, குடிக்கவே முடியாது. துவர்ப்பு, புளிப்புச் சரக்குகளுக்கு மண்சட்டியோ எவர்சில்வரோ போதும். ஈயம் பூசாத பித்தளையும் செம்பும் புளிப்போடு சேரக்கூடாது, அலுமினியத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

காலையில் வைத்த கஷாயம் மாலையில் ஒரு மாதிரி நாறுகிறது

அப்படித்தான் இருக்கும். சித்த மருத்துவ முறையில் ‘குடிநீர்’ என்று சொல்லும் கஷாயத்துக்குச் சொல்லப்படும் ஆயுள் ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். சூரணம் என்னும் மருந்துப் பொடிக்கு 3 மாதம். பாட்டிலில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் வைத்துச் சூடாக்கிக் குடிப்பது வீண் வேலை. காலைக்கு வேண்டிய சரக்கைத் தனியாகவும் மாலைக்கு வேண்டியதைத் தனியாகவும் இடித்துப் பொட்டலமாக வைத்துக்கொண்டால் புதிதாகக் காய்ச்சுவது பெரிய சுமையாக இருக்காது.

நிலவேம்புக் குடிநீருக்கும் இதே கணக்குதான். அதில் நிலவேம்பு மட்டும் இல்லை. வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் சேர்ந்து ஒன்பது சரக்கு. வெறும் நிலவேம்பு இலையைக் கொதிக்கவைத்துவிட்டு அதை நிலவேம்புக் குடிநீர் என்று நினைத்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் இதைக் குடிக்கக்கூடாது.

கீரை கறுத்துவிட்டது, பொரியல் உருண்டையாகிவிட்டது

கீரையின் பச்சையத்தில் நடுவே மெக்னீசியம் இருக்கிறது. புளிப்பும் நீடித்த சூடும் அதைப் பிடுங்கிவிட்டால் பச்சை மங்கிப் பாசி நிறமாகும். வேகும் கீரையிலிருந்தே சிறிது புளிப்பு ஆவியாக வெளிவரும். மூடி போட்டால் அது திரும்பக் கீரையிலேயே விழும். ஆகவே மூடாமல், பெருந்தீயில், குறைந்த நேரம். புளியோ எலுமிச்சையோ இறக்கிய பிறகு சேர்க்கலாம். சோடா உப்பு போட்டால் பச்சை நிற்கும் என்பது உண்மைதான், ஆனால் வைட்டமின் சி-யும் தயாமினும் போய்விடும். சத்துக்காகச் செய்கிற கீரையில் சோடா உப்புக்கு இடமில்லை.

முருங்கைக்கீரை உருண்டு கட்டியானால் காம்பு தங்கியிருக்கிறது, தண்ணீர் அதிகம், கிளறுவதும் அதிகம். இலையை மட்டும் உருவி, கழுவி நன்றாக வடியவிட்டு, தாளித்ததில் போட்டு, கைப்பிடி தண்ணீர் தெளித்துக் கரண்டிக் காம்பால் பிரித்துவிடுங்கள்.

வாழைப்பூ கறுப்பதும் கடுக்கென்று இருப்பதும் இரண்டு வேறு குறைகள். கறுப்பது காற்றுப் பட்டதால். நறுக்க நறுக்க நீர்மோரில் போட்டால் நிற்கும். கடித்தால் நார் மாதிரி நிற்பது ‘கள்ளன்’. ஒவ்வொரு பூவையும் விரித்தால் நடுவில் குண்டூசித் தலையோடு விறைப்பாக ஒன்று நிற்கும், அதுதான். அதன் அடியிலேயே கண்ணாடி மாதிரி ஒரு சிறு இதழும் இருக்கும். இரண்டையும் கிள்ளி எறியுங்கள், அவை வேகாது. பூவின் உள்மடல்களுக்குப் போகப் போகக் கள்ளன் இளசாகிவிடும். வெளுத்த குருத்துப் பகுதியை அப்படியே நறுக்கலாம்.

கேழ்வரகுக் கஞ்சி கட்டி கட்டுகிறது, அல்லது தண்ணீராக ஓடுகிறது

கட்டி கட்டுவது எளிய பிழை: கொதிநீரில் நேரடியாக மாவு விழுந்திருக்கிறது. மாவுத் துகளின் மேல்பக்கம் உடனே வெந்து உறை மாதிரி மூடிக்கொள்ளும், உள்ளே காய்ந்த மாவு மாட்டிக்கொள்ளும். ஒரு பங்கு மாவை இரண்டு பங்கு பச்சைத் தண்ணீரில் கரைத்து, நான்கு பங்கு கொதிநீரில் ஊற்றிக் கைவிடாமல் கிளறுங்கள். பச்சை வாசனை போகப் பத்து நிமிடம் வேண்டும்.

தண்ணீராக ஓடுவதுதான் பலரையும் குழப்புகிறது. அதே அளவு மாவு, அதே அளவு தண்ணீர், முளைகட்டிய கேழ்வரகு என்றால் மட்டும் கஞ்சி நிற்கவே மாட்டேன் என்கிறது. மாவில் கலப்படம் என்று சந்தேகப்படத் தோன்றும். உண்மையில் முளைவிடும்போது தானியத்தில் அமைலேஸ் என்ற நொதி பெருகுகிறது. அது மாவுச்சத்தைச் சிறு சர்க்கரைகளாக வெட்டிவிடும், அதனால் கஞ்சி நீர்த்து, இலேசாக இனிக்கும். ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு இது மிகவும் நல்லது. குழந்தை விழுங்கக்கூடிய நெகிழ்ச்சியில் கூடுதல் மாவைச் சேர்க்கலாம், சின்ன வயிற்றுக்குள் அதிகச் சத்து போகும். ஆகவே கஞ்சி நீர்த்தால் மாவைக் கூட்டுங்கள், கெட்டியாக்கச் சர்க்கரையோ வேறு மாவோ தேட வேண்டாம். பெரியவர்களுக்குக் கெட்டியாக வேண்டும் என்றால் கரைசலை நன்கு கொதிக்கும் நீரில் சிறிது சிறிதாக விடுங்கள். சூடு சட்டென்று ஏறினால் நொதி வேலை செய்ய நேரம் கிடைக்காது.

முளைகட்டும்போதே புளித்த நாற்றமும் வழவழப்பும் வந்தால் தானியத்தை முழுதாகக் கொட்டிவிடுங்கள், கழுவிப் பயன்படுத்த வேண்டாம். ஊறவைப்பது 12 மணி நேரம், ஊறும்போது ஒருமுறையாவது தண்ணீர் மாற்ற வேண்டும். பிறகு துணியில் தளர்வாக முடிந்து 24 முதல் 36 மணி நேரம், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அலசிவிட வேண்டும். முளைவிட்டதை நன்றாகக் காயவைத்து, வாசனை வர வறுத்து அரையுங்கள். கை வைத்தால் ஈரம் தெரியாமல் இருந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். பல்லில் கடித்தால் ‘நறுக்’கென்று உடைய வேண்டும். முளைகட்டிய பயறைக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பச்சையாகத் தராமல் வேகவைத்தே கொடுங்கள்.

பொடி கட்டி பிடித்து, பூசணம் வந்துவிட்டது

கறிவேப்பிலைப் பொடியோ அங்காயப்பொடியோ, காரணம் ஒன்றுதான்: சூட்டோடு அடைத்த பொடி. பாட்டிலுக்குள் ஆவி வியர்த்து, மூடியிலிருந்து சொட்டியிருக்கும். வறுத்ததை முழுதாக ஆறவிட்டு அரையுங்கள், அரைத்ததும் சூடாகும் என்பதால் தாளில் பரப்பி மறுபடி ஆறவிடுங்கள். கல்லுப்பை வெறும் வாணலியில் படபடவென்று வெடிக்கும் வரை வறுத்துச் சேர்த்தால் அதன் ஈரமும் போய்விடும். கறிவேப்பிலையை வெயிலில் காயவைத்தால் நிறமும் மணமும் வெளுக்கும். கழுவித் துடைத்து, நிழலில் இரண்டு மூன்று நாள் காயவைத்து, சிறுதீயில் நொறுங்கும் வரை வறுப்பதே சரி. மேலே பூசணம் கண்டால் அந்த இடத்தை மட்டும் வழித்துவிட்டு மீதியைப் பயன்படுத்தாதீர்கள்.

எலுமிச்சையில் ஊறிய பூண்டு பச்சையாகிவிட்டது

பூண்டின் கந்தகச் சேர்மங்கள் புளிப்போடு வினைபுரிந்து நீலமோ பச்சையோ ஆகும். தாராளமாகச் சாப்பிடலாம். பச்சைப் பூண்டை எண்ணெயில் மூழ்க வைத்து அலமாரியில் வைப்பதுதான் ஆபத்து. காற்றில்லாத இடத்தில் வளரும் பாக்டீரியாவின் நச்சு அதில் உண்டாகலாம், அதற்கு நிறமும் தெரியாது, நாற்றமும் தெரியாது. அப்படிச் செய்தால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து 4 நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

குடித்தும் குறையவில்லை

கஷாயத்தை இன்னும் கெட்டியாகக் காய்ச்சுவது இதற்கு விடை ஆகாது. காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால் மருத்துவரிடம் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் நிலை மோசமாகலாம். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், எழவே முடியாத சோர்வு இருந்தால் அந்த நேரமே மருத்துவமனை. கண்ணில் மஞ்சள் தெரிந்தால் கீழாநெல்லியை அரைப்பதற்கு முன் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும், காமாலைக்குக் காரணங்கள் பல.

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சமையலறைச் சரக்கும் குறுக்கிடும். அதிமதுரம் தொடர்ந்து எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும், உடலில் பொட்டாசியம் குறையும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் வெந்தயத்தை அதிகமாகச் சேர்த்தால் சர்க்கரை மிகவும் இறங்கக்கூடும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் மஞ்சளை மருந்தளவில் எடுக்கும் முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், குழம்பில் போடும் அளவுக்குத் தடையில்லை.

ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு துளியும் கூடாது, நாக்கில் தடவுவதும் கூடாது. வசம்பை உரைத்துப் புகட்டுவதையும் விட்டுவிடுங்கள்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் ஓமத் தண்ணீருக்கும் மாதுளை ஓட்டுக்கும் முன்னால் தேவைப்படுவது, இழந்த நீரும் உப்பும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கையில் இல்லாவிட்டால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு கரைத்து, சிறிது சிறிதாகக் கரண்டியில் கொடுங்கள். உப்பு கூடினால் ஆபத்து, அதனால் முதலில் நீங்கள் ருசித்துப் பாருங்கள்: கண்ணீரைவிட உப்பாக இருந்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. குழந்தை ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காமல் இருந்தாலோ, அழுதால் கண்ணீர் வராவிட்டாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, கரைசலைக் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.